இடது கைக்கு ஆறு மாதம்

"கடியாரத்துக்கு ஒரு குறையும் இல்ல, பௌதி" என்று சொல்லி, கடிகாரம் ரிப்பேர் பண்ணும் தபன்தா தன் மணிக்கட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

அவர் கையில் என் வீட்டுக்காரரின் கடிகாரம் ஜம்மென்று ஓடிக்கொண்டிருந்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சர்வீஸ் பண்ணச் சொல்லி மூன்று நாளைக்கு முன் கொடுத்தால், புது மாப்பிள்ளை மாதிரி இவர் கட்டிக்கொண்டு திரிகிறாரே! வாய்க்கு வாய் அண்ணி முறை வைத்துப் பௌதி என்று கூப்பிட்டால் ஆயிற்றா?

பழைய கடிகாரத்தை எடுத்தவுடன் திறக்க மாட்டாராம். மூன்று நாள் தானே கட்டிப் பார்த்துத்தான் சர்வீஸ் வேண்டுமா வேண்டாமா என்று சொல்வாராம். இது ஒரு நிமிடம்கூடப் பிந்தவில்லையாம்.

"அப்புறம் எங்க வீட்டுல மட்டும் ஏன் நிக்குது?" என்று வங்காளத்திலேயே சண்டைக்குப் போனேன். டாக்குரியாவில் பதினெட்டு வருடமாக இட்லிக் கடை நடத்துகிறவளுக்கு அந்த அளவு வங்காளம் வராதா என்ன?

காலையில் கடைக்குக் கிளம்புமுன் நான்தான் மணி திருத்தி வீட்டுக்காரருக்குக் கட்டிவிடுவேன். சாயங்காலம் வந்து பார்த்தால் நின்றிருக்கும்.

தபன்தா கோபப்படவில்லை. கழற்றி, துடைத்து, என் கையில் வைத்தார். இதற்குச் சாவி கொடுக்க வேண்டியதில்லை என்றார். கட்டியிருக்கும் கை அசைய அசைய ஸ்பிரிங் தானாக முறுக்கிக்கொள்ளும். கை சும்மாவே கிடந்தால் நின்றுபோகும். யார் கட்டுகிறார்கள் என்று கேட்டார்.

நான் கடிகாரத்தை முந்தானையில் முடிந்துகொண்டு கிளம்பினேன்.

ஐந்து மாதத்துக்கு முன் என் வீட்டுக்காரருக்கு இடது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் தேறிவிட்டது. கைக்கு மட்டும் டாக்டர் ஆறு மாதக் கெடு வைத்தார். தினமும் தூக்கி இறக்கிப் பயிற்சி செய்தால் வரும், இல்லாவிட்டால் அவ்வளவுதான் என்றார்.

மறக்காமல் செய்யட்டும் என்றுதான் கடிகாரத்தை அந்தக் கையிலேயே கட்டினேன்.

தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் எத்தனை தடவை என்று கேட்பேன். இருநூறு என்பார். அந்த இருநூறை நம்பி, கை வந்துகொண்டிருக்கிறது என்று தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

ரிப்பேருக்குக் கொடுக்கிறேன் என்றபோதும், "அதுக்கு ஒண்ணுமில்ல, விடு" என்றார். கஞ்சப் பிசினாரி என்று ஏசினேன்.

ஐயோ, பாவி மனுஷா.

வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேனோ தெரியாது. ரயில்வே கேட்டில் யாரோ என்னைப் பிடித்து இழுத்துத் திட்டினார்கள்.

காலையில் விட்டுப்போன அதே நாற்காலியில் அப்படியே இருந்தார். இடது கை தலையணை மேல் கிடந்தது. நான் வைத்துவிட்டுப் போன தலையணை, நான் வைத்துவிட்டுப் போன இடம்.

பிலுபிலுவென்று பிடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் வந்தேன். முப்பத்தோரு வருடம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய வீரபாண்டியன் என் முன்னால் தலை குனிந்து உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்த்தேன். அதை என்னால் தாங்க முடியாது.

"உள்ள எண்ணெய் காஞ்சு போச்சாம். சர்வீஸ் பண்ணியாச்சு, இனிமே நிக்காது" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கீழே உட்கார்ந்து, தலையணை மேலிருந்த கையை எடுத்தேன். சில்லென்று இருந்தது.

அவர் வலது கையை நீட்டினார்.

"இதுல கட்டு, புள்ள. ஓடும்."