நேரில் கண்டவர்கள்

ஜெயித்திருந்தால் இவருக்கு இவ்வளவு சத்தம் வராதே என்று நினைத்தபடி அவள் துணி மடித்தாள். கணவர் விவாத மேடையிலிருந்து அப்போதுதான் வந்திருந்தார்.

"மோர்மன்னு ஒரு கிறிஸ்தவப் பிரிவு, அவங்க வேதத்துக்கு மூலம் தங்கத் தகடாம். தகடு எங்கேன்னா, பார்த்தவங்க கையெழுத்து இருக்காம். யாரு? எழுதினவரோட அப்பா, அண்ணன், தம்பியெல்லாம் அதுல உண்டு. இது வரலாறான்னு கேட்டேன். எதிர்ல வாதாடின அவங்க போதகர் வாயடைச்சுப் போயிட்டார்."

"ரெக்கார்டு பண்ணலையா?"

"பண்ணலை. ஆனா எங்க விவாதச் சங்கத் தலைவராகணும்னா நான் ஜெயிச்சதுக்கு அத்தாட்சி கேக்கறாங்க."

ஒரு காகிதத்தையும் பேனாவையும் நீட்டினார். 'போதகர் தோற்றதை நேரில் கண்டோம்.' கீழே மாமனார், கணவரின் அண்ணன், தம்பி கையெழுத்துகள்.

"நீயும் ஒண்ணு போடு."

"நான் வீட்டுலதானேங்க இருந்தேன்?"

"அவங்க மட்டும் வந்தாங்களாக்கும்?"

அவள் பேனாவை மூடி அவர் சட்டைப்பையில் செருகிவிட்டு, அடுத்த துணியை எடுத்தாள்.