இருவர் மிஞ்சிய மேசை

அப்பாவின் காரியத்தன்று சண்டை போட்டுக்கொண்ட இரண்டு அண்ணன்களும் அதன்பிறகு பேசிக்கொண்டதே இல்லை. தங்கை மணிமொழி அழுது கேட்டதால், மூவரும் முன்பு விளையாடிய மந்திரச் சீட்டாட்டத்துக்கு மட்டும் அவள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார்கள். அவரவர் சீட்டுக்கட்டில் இருக்கும் உயிர்களை மேசையில் இறக்கி மோதவிட்டு, கடைசியில் மிஞ்சுபவர் ஜெயிக்கும் ஆட்டம் அது.

பெரியவன் நெடுமாறனின் கட்டு முழுக்க நெருப்பு டிராகன்கள், இறக்கியவுடன் பாயும். சின்னவன் இளங்குமரனிடம் எதையும் தடுத்துவிடும் மந்திரவாதிகள். இருவரும் ஒருவரையொருவர் அடித்துக்கொண்டிருக்க, மணிமொழியின் வன தேவதைகள் மெல்லப் பெருகி மேசையை நிறைத்துவிட்டன.

"இவள விட்டா நம்ம ரெண்டு பேரையும் முடிச்சிருவா," என்றான் இளங்குமரன், அண்ணனைப் பார்த்து.

"நீ தடு. நான் எரிக்கிறேன்," என்றான் நெடுமாறன்.

மணிமொழி தன் சீட்டுகளைப் பார்த்தாள். தப்பிக்க ஒரு சீட்டு கையில் இருந்தும் அவள் அதை இறக்கவில்லை. இன்னும் கொஞ்சம் பேசட்டும் என்று தேவதைகளை ஒவ்வொன்றாகச் சாகக் கொடுத்தாள். கடைசித் தேவதையும் எரிந்ததும் ஆட்டத்திலிருந்து வெளியேறினாள். இனி அவளால் எதையும் இறக்க முடியாது.

நெடுமாறன் வாயைத் திறக்காமல் டிராகனைத் தம்பியின் பக்கம் திருப்பினான். தம்பியும் பேசாமல் ஒரு மந்திரவாதியை எடுத்து வைத்தான்.

"டீ போடட்டுமாண்ணா?" என்றாள் மணிமொழி.

இருவரும் நிமிரவில்லை.