நோயாளி சொல்வது

ஸ்டெதஸ்கோப்பை முதுகில் வைத்து டாக்டர் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நல்லா இழுத்து விடுங்க."

சங்கரவடிவு மூச்சை இழுத்து விட்டாள். காற்று தடையில்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது. சிறு கரகரப்புகூட இல்லை.

இல்லாமல் போய்ப் பல நாளாகிறது.

நிமோனியாவில் நினைவு தப்பிக் கிடந்தவளைத் தம்பி கொண்டுவந்து சேர்த்தான். மாற்றுத்துணி எடுத்து வருகிறேன் என்று போனான். அதன் பிறகு அவனுடைய போன் எப்போது கூப்பிட்டாலும் அணைந்தே இருந்தது.

பீடி சுற்றிக் காய்த்த விரல்களைப் பார்த்தபடி சங்கரவடிவு கட்டிலில் உட்கார்ந்திருப்பாள். தம்பியைப் பற்றி ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

வார்டில் டாக்டர் எழுதும் குறிப்புகளுக்கு நல்ல பேர் இருந்தது. நோயாளி என்ன சொல்கிறார், தான் என்ன பார்த்தாள், அதிலிருந்து என்ன நினைக்கிறாள், இனி என்ன செய்யப்போகிறாள் என்று தனித்தனியாக எழுதுவாள். ஒன்றை மற்றொன்றோடு குழப்ப மாட்டாள். பயிற்சிக்கு வருகிறவர்களிடம் சீஃப் டாக்டர் அவளுடைய கேஸ் ஷீட்டைத்தான் காட்டுவார்.

"இதப் பாத்து எழுதுங்கப்பா. யார் எப்ப எடுத்துப் படிச்சாலும் புரியணும்."

அந்த ஒழுங்கிலேயே ஓர் இடுக்கும் இருந்தது.

நோயாளி சொல்வதை, சொன்னபடி எழுதினால் போதும். அது உண்மைதானா என்பதற்கு எழுதுகிறவள் பொறுப்பில்லை.

"ராத்திரி இருமல் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

ஒவ்வொரு காலையும் அதே கேள்வி. அதே பதில். இரவு வேலை பார்த்த எந்த சிஸ்டரும் அந்தக் கட்டிலிலிருந்து இருமலைக் கேட்டதில்லை.

இரவில் இருமல் இருப்பதாகச் சொல்கிறார். நெஞ்சு தெளிவாக இருக்கிறது. மேலும் ஒரு நாள் பார்க்கலாம் என்று எழுதுவாள்.

அதில் பொய் என்று ஒரு சொல் இல்லை.

பாவம், போக்கிடம் இல்லாதவள். அதற்காகத்தான் என்று டாக்டர் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

ஆனால் காலையில் குவார்ட்டர்ஸைப் பூட்டும்போதே அந்தக் கட்டில்தான் நினைவுக்கு வரும்.

கோர்ட்டில் விவாகரத்து எல்லாம் முடிந்த பிறகு, மாற்றல் கேட்டு இந்த ஊருக்கு வந்தவள் அவள். இங்கே அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் கிடையாது. டாக்டர். மேடம். அம்மா.

நாடி பார்க்கக் கையைப் பிடித்தால், சங்கரவடிவு தன் இன்னொரு கையை அதன் மேல் வைத்துக்கொள்வாள். காய்ப்பு ஏறிய, சூடான கை.

"ஒழுங்கா சாப்பிடுதியளா?" என்பாள்.

சாப்பிடுகிறேன் என்று டாக்டர் தலையாட்டுவாள்.

அவ்வளவுதான். அது ஒரு நாள் முழுக்கத் தாங்கும்.

நேற்று மாலை புதிதாக ஒருத்தி வந்திருந்தாள். சின்னப் பெண். கட்டில் காலியில்லை. சங்கரவடிவின் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் பாய் விரித்திருந்தார்கள். படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று சுவரில் சாய்ந்தே இருந்தாள். இருமினால் உடம்பு முழுவதும் குலுங்கியது.

டாக்டர் கேஸ் ஷீட்டைத் திறந்தாள். கேட்பதற்கு முன்பே பேனா வழக்கமான வரியைத் தொடங்கிவிட்டது.

"ராத்திரி இருமல்?"

சங்கரவடிவு தரையில் இருந்த பெண்ணைப் பார்த்தாள்.

"இல்லம்மா."

பேனா நின்றது.

"கொஞ்சங்கூடவா இல்ல?"

கேட்ட பிறகுதான் டாக்டருக்குத் தன் குரல் காதில் விழுந்தது. கெஞ்சுகிற குரல்.

"இல்லைன்னே எழுதுங்க."

தொடங்கியதை அடித்துவிட்டு எழுதினாள். இருமல் இல்லை. காய்ச்சல் இல்லை. நெஞ்சு தெளிவு. வீட்டுக்கு அனுப்பலாம்.

எப்போதும்போல் தெளிவான குறிப்பு.

சங்கரவடிவு எழுந்து விரிப்பை உதறிப் போட்டாள். பாயில் இருந்தவளைக் கைத்தாங்கலாகத் தூக்கிக் கட்டிலில் உட்காரவைத்தாள். முதுகுக்குத் தலையணையை நிமிர்த்தி வைத்தாள். தன் தட்டையும் தம்ளரையும் மஞ்சப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் 'போயிட்டு வாறேன்' என்று சொல்லக்கூடாது. அதனால் தலையை மட்டும் அசைத்துவிட்டு நடந்தாள்.

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனாள். அதற்கடுத்த கட்டிலுக்கும்.

மதியம் வேலை முடிந்து வெளியே வந்தபோது, எதிரே பஸ் நிறுத்தத்தில் சங்கரவடிவு உட்கார்ந்திருந்தாள். அவள் ஊர்ப் பேர் போட்ட பஸ் வந்தது. ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. பை அப்படியே பக்கத்தில் இருந்தது.

குவார்ட்டர்ஸுக்கு இடதுபுறம் திரும்ப வேண்டும்.

டாக்டர் சாலையைக் கடந்தாள்.

சங்கரவடிவு ஆச்சரியப்படவில்லை. பையை எடுத்து மடியில் வைத்து இடம் விட்டாள். வெயில் பாதி பெஞ்சில் இருந்தது. இருவரும் நிழல் பக்கமாக நெருங்கி உட்கார்ந்தார்கள்.

தார்ச்சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எங்க போணும்?" என்று கேட்டாள் சங்கரவடிவு.

டாக்டர் பதில் சொல்ல வாயெடுத்தாள். ஓர் ஊர்ப் பேரும் வரவில்லை.

பஸ் ஒன்று வந்து நின்றது. கண்டக்டர் படியில் தொங்கியபடி இருவரையும் பார்த்தார்.

"ஏறுதியளாம்மா?"

மற்றவள் சொல்லட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.