பிள்ளைக்காம்பராவில் குதித்தவர்கள்

பெரிய துரை வாசலில் வந்து நின்றபோது பாக்கியலெட்சுமி அந்தரத்தில் இருந்தாள்.

துரையைக் கண்டால் நின்று சலாம் போட வேண்டும். துரைசாணி குதிக்கச் சொன்னால் குதிக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் என்ன செய்வதென்று தோட்டத்தில் யாரும் சொல்லி வைக்கவில்லை. மேலே போகும்போது ஒரு சலாம், கீழே வரும்போது ஒரு சலாம் போட்டு வைத்தாள்.

துரைக்குப் பின்னால், தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கணக்கப்பிள்ளை மாணிக்கராஜ். துரையைக் கூட்டி வந்ததே அவர்தான்.

ஸ்பிரிங்வெளிக்கு மேலே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில், பகலெல்லாம் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில், அந்திக் கொழுந்து நிறுத்து முடிந்ததும் பெண்களுக்கு உடற்பயிற்சி வகுப்பு. சீமைப் பத்திரிகை ஒன்றில் படம் பார்த்துவிட்டுத் துரையின் மனைவி துரைசாணி தொடங்கியது. அவருடைய தமிழ் முழுவதும் சமையற்காரனிடம் பேசிப் பேசிச் சேர்த்தது. வா, போ, தூக்கு, இறக்கு, எழும்பு, கழுவு. உடற்பயிற்சிக்கு அது தாராளம். 'கழுவு' மட்டும் மிச்சம்.

முதல் நாள் பயந்துகொண்டு வந்தார்கள். அடுத்த நாள் சிரிக்க வந்தார்கள். எங்கேயும் போகாமல் நடக்க வேண்டும். இல்லாத பாரத்தைத் தூக்க வேண்டும். கையை முன்னால் நீட்டச் சொன்னால் அத்தனை விரலும் தன்பாட்டில் கொழுந்து கிள்ளின. துரைசாணி அதையும் ஒரு பயிற்சி என்று நினைத்து, தானும் நின்று கிள்ளினார். அன்று மரியகொரட்டிக்குச் சிரித்தே விக்கல் வந்து, தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று.

சிரிப்பு தீர்ந்த பிறகும் வந்தார்கள். கணக்கப்பிள்ளைக்கு இடித்தது அங்கேதான். பகல் முழுக்கக் கூடை சுமந்து மலையேறியவள், பொழுது சாய்ந்ததும் சும்மா குதிக்க ஓடி வருகிறாள் என்றால் எந்தப் பைத்தியக்காரன் நம்புவான்? உள்ளே நடப்பது தொழிற்சங்கக் கூட்டம் என்று துரையின் காதில் போட்டுவிட்டார். துரைக்கும் சந்தேகம் வந்தால் இன்றோடு வகுப்புக்குப் பூட்டு. இதைத் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் பெண்களுக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுத்தான் போனார்.

"இன்னைக்கு ஒழுங்கா குதிங்கடி. இதையும் பூட்டிட்டா எனக்கு வேற போக்கிடம் இல்ல" என்று பாக்கியலெட்சுமி எல்லோரிடமும் சொல்லி வைத்திருந்தாள்.

ஒழுங்காகக் குதித்தார்கள். கூரைத் தகரம் அதிர்ந்தது. துரையின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

தினமும் முடிக்கும் கடைசிப் பயிற்சி வந்தது.

"படு" என்றார் துரைசாணி. வகுப்புக்கென்றே அவர் புதிதாகக் கற்ற சொல்.

ஒருத்தியும் அசையவில்லை. துரை வரும் பாதையில் நிற்கக்கூடாதென்று ஓரத்து வடிகால் கானுக்குள் இறங்கி நிற்கிறவர்கள். அவர் முன்னால் உட்கார்ந்த பெண்ணே அந்தத் தோட்டத்தில் கிடையாது. கணக்கப்பிள்ளையின் மீசை ஒரு பக்கம் மேலேறியது.

பாக்கியலெட்சுமி துரையைப் பார்த்தாள். தரையில் விரித்திருந்த சாக்கையும் பார்த்தாள்.

இருட்டோடு எழுந்து ரொட்டி தட்டி, பேர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓடி, மலையேறி இறங்கி, விறகு பொறுக்கி, எல்லோரும் தின்ற பிறகு தின்று, எல்லோரும் படுத்த பிறகு படுக்கிறவள். படு என்று அவளிடம் துரைசாணியைத் தவிர யாரும் சொன்னதில்லை. சொல்லாமல் படுத்தால் சோம்பேறி. சொல்லிப் படுத்தால் அது வேலை.

படுத்தாள். கண்ணை மூடினாள்.

பக்கத்தில் மரியகொரட்டியின் வளையல் தரையில் தட்டியது. அதற்கடுத்து இன்னொரு வளையல். வரிசை முழுக்கத் தட்டிக்கொண்டே போய், அடங்கியது.

கணக்கப்பிள்ளைக்குத் தாங்கவில்லை. வெளிச்சம் இருக்கும்போது இத்தனை பெண்கள் கிடையாகக் கிடப்பதை அவர் கண்ணால் கண்டதில்லை.

"எழும்பச் சொல்லுங்கம்மா. தொரை நிக்கிறாங்க" என்றார்.

துரைசாணி அவரைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். எழும்பு என்ற சொல் அவரிடம் இருந்தது. சமையற்காரன் தினமும் காலையில் கேட்பதுதான். அவர் அதை எடுக்கவில்லை.

"நீயும் படு" என்றார்.

துரை ஒன்றும் பேசவில்லை. துரை பேசாவிட்டால் அது உத்தரவு.

முழங்கால் இரண்டும் நெட்டி முறிய, ஒரு காக்கிக் கால்சட்டை சிமெந்துத் தரையில் இறங்கும் சத்தத்தைப் பாக்கியலெட்சுமி கண்ணைத் திறக்காமலே கேட்டாள். விடியுமுன் பெரட்டுக் களத்தில் முதல் ஆளாக நிற்கிறவர். பொழுதுபட்டுக் கடைசி ஆளாக வீடு திரும்புகிறவர்.

கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. பெண் குறட்டை இல்லை.

மறுநாள் வகுப்புக்கு எல்லோருக்கும் முந்தி வந்து வாசலில் நின்றவர் கணக்கப்பிள்ளை. சங்கக் கூட்டம் ஏதும் நடக்கிறதா என்று கவனிக்கத்தான் வந்ததாகச் சொன்னார்.

கக்கத்தில், பதுளைக்கு ஆளனுப்பி வாங்கிய புதுப்பாய் ஒன்று சுருட்டி இருந்தது.