கருமந்தி குதித்த பாலம்

கிழட்டு மலையணிலுக்கு முதலில் கெடுதல் செய்தது கருமந்திதான். சாலைக்கு மேலே இரு பக்கத்து மரங்களையும் சேர்த்துப் பிடித்திருந்தது ஒரே ஒரு கிளை. கருமந்தி அதில் குதித்துக் கும்மாளம் போட்டு, முறித்துத் தள்ளிவிட்டது. மலையணிலின் பெண்டாட்டியும் பிஞ்சுக் குட்டியும் எதிர்ப்பக்கத்துக் கூட்டில் மாட்டிக்கொண்டன. தரையிறங்கிச் சாலையைக் கடக்கப் பார்த்த அணில்கள் எல்லாம் வண்டிச் சக்கரத்தில் போய்ச் சேர்ந்திருந்தன.

ஐந்தாம் நாள் காலையில் வனக்காவலர்கள் இரண்டு பேர் ஏணி வைத்து ஏறி, பழைய தீயணைப்புத் துணிக்குழாய்களைப் பின்னி, மரத்துக்கு மரம் பாலமாகக் கட்டிவிட்டுப் போனார்கள். மலையணில் அதில் ஒரு கால் வைத்தது. பாலம் ஆடியது. காலை எடுத்துக்கொண்டது.

"என்னண்ணே, பயமா?" என்றது கருமந்தி.

"நீ இருக்கிற காட்டுல எதை நம்பி ஏறுறது?"

கருமந்தி பாலத்தின் நடுவே போய், முழுக் கனத்தோடும் பத்துத் தடவை குதித்தது. பாலம் அறுந்துவிடவில்லை.

"என்னையே தாங்குது. வாங்கண்ணே."

மலையணில் ஒரே ஓட்டமாக ஓடிக் கூட்டுக்குள் விழுந்தது. குட்டி அதன் வாலைக் கட்டிக்கொண்டது. சற்று நேரம் கழித்து மலையணில் கண் கலங்க வெளியே தலையை நீட்டியது.

"பாலம் கட்டின கை நல்லா இருக்கணும். நீயும் நல்லா இருக்கணும்ப்பா."

"அப்போ கோபம் போயிருச்சாண்ணே?"

"நன்றிதானே சொன்னேன்? கிளையை முறிச்சதுக்கு, தெரியாம செஞ்சுட்டேன்னு நீ இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை."

கருமந்தி பக்கத்துப் பலாவிலிருந்து ஒரு சுளையைப் பிய்த்து நீட்டியது. மலையணில் வாங்கித் தின்றுகொண்டே சொன்னது: "இது பழம். நான் கேட்டது வார்த்தை."