புள்ளியாகத் தெரிந்த சிறுமி

"பிடிச்சிட்டேன்!"

ஆறே நொடி. பொம்மை அலமாரிக்குப் பின்னாலிருந்து எழுந்த மிருணா, தயாளனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். ஏழு வயது. அவன் தத்தெடுத்து மூன்று மாதமாகியும் அவனிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

விளையாட்டுச் சிகிச்சை தரும் சல்மா அவனைத் தனியே அழைத்தாள். "ஏன் சார், கண்ணாமூச்சின்னா கொஞ்சமாவது தேட வேணாமா?"

"எதுக்கு மேடம்? அவ தோள்ல சிப் இருக்கு. எங்க ஒளிஞ்சாலும் நான் போட்டிருக்கிற கண்ணாடியில புள்ளியாத் தெரியுறா."

"இவளை ரயில்ல விட்டுட்டு இறங்கிப் போனாங்களே பெத்தவங்க, அவங்க கண்ணாடியிலயும் மூணு நாள் இதே புள்ளி தெரிஞ்சுது. தேடி வரலையே சார்."

தயாளன் கண்ணாடியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான்.

மறுபடியும் ஆட்டம். கண்ணை மூடி ஐம்பது வரை எண்ணிவிட்டுத் தேடினான். மேஜைக்கடியில் இல்லை. திரைக்குப் பின்னால் இல்லை. பொம்மைக் கூடையைக் கவிழ்த்துப் பார்த்தான். பத்து நிமிடம் ஓடியது. சட்டை வியர்வையில் நனைந்தது.

"மிருணா! எங்கம்மா இருக்கே?" குரல் நிஜமாகவே உடைந்தது.

மெத்தைக் குவியலுக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல் வந்தது.

"இங்க இல்ல. இன்னும் தேடுங்க."