கொடிக்கம்பி

ஊரின் சிறிய வானொலி நிலையத்தை மூடிய பிறகும், அதன் ஒலிபரப்புக் கோபுரத்தை ஒட்டியிருந்த ஜெசிந்தாவின் வீட்டில் துணி காயும் கொடிக்கம்பி பேசிக்கொண்டுதான் இருந்தது. ஒலிபரப்பு இருந்த நாளிலும் அது ரேடியோ இல்லாமலே பாடும். கேள்விப்பட்டு வந்த பழைய அறிவிப்பாளர் பத்மாசினி கம்பியில் காதை வைத்தாள். அவளுடைய குரல்தான். புயலுக்கு முந்தின மாலை, கோபுரத்தில் மின்சாரம் நின்றுபோனது தெரியாமல் அவள் வாசித்து முடித்த, யார் காதுக்கும் எட்டாத அறிவிப்பு.

"மீனவர்கள் யாரும் கடலுக்குள் செல்ல வேண்டாம்."

அன்றிரவு கடலுக்குப் போன ஜெசிந்தாவின் புருஷன் திரும்பவில்லை.

"அன்னைக்கு இதத்தான் வாசிச்சீகளா அக்கா?" என்றாள் ஜெசிந்தா.

பத்மாசினி கம்பியை இறுகப் பிடித்தாள். குரல் நிற்கவில்லை.

ஜெசிந்தா ஈரச்சேலையை உதறினாள்.

"கைய எடுங்கக்கா. துணி காயப்போடணும்."